பேட்டரி வைத்தியரின் பதினோரு மாதம்

மதுரைக்கு மேற்கே பேட்டரிக்கு நாடி பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டு அருகே சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, ஊருக்கு அவர் பேட்டரி வைத்தியர். ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டையில் துணியைவிட ஓட்டைதான் அதிகம்.

செத்த பேட்டரியோடு எந்த ஜீப்பு டிரைவர் வந்தாலும் முதலில் விசாரணைதான். போடிமெட்டு மலைக்கு எத்தனை பேரை ஏற்றினாய், மழையில் நனைந்ததா, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாயா என்று குடைந்துவிட்டு, "மூணு நாளு ரெஸ்ட்டு" என்பார்.

"அண்ணே, மேல லோடு கெடக்கு. வெரசா குடுங்க."

"ஒங்க ஆத்தாளுக்குக் காய்ச்சல்னா எந்திரிச்சுக் களையெடுக்கச் சொல்லுவியா அப்பு?"

டிரைவர் பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு பஸ்சைப் பிடிப்பார்.

ஏலக்காய்த் தோலைக் கரியாக்கிப் பேட்டரித் தகட்டில் சேர்த்தால் ஆயுள் இரண்டு பங்காகும் என்பது வைத்தியரின் கண்டுபிடிப்பு. நிரூபிக்க வேண்டுமே! ராசிங்காபுரத்து அண்ணன் தம்பி டிரைவர்களைப் பிடித்து, அண்ணனுக்குச் சாதா பேட்டரியும் தம்பிக்குக் கரி போட்டதும் கொடுத்தார். விஷயம் தெரிந்த அண்ணன், தம்பி அசந்த நேரத்தில் மாற்றி மாட்டினார். தம்பி திரும்ப மாற்றினார். இரண்டே மாதத்தில் எது எதுவென்று கடவுளுக்கும் தெரியாமல் போயிற்று.

இந்தப் புலம்பலைக் கேட்டவர், மலையில் நான் கிளார்க்காக இருந்த எஸ்டேட்டின் டாக்டரம்மா. "புது மருந்தைச் சோதிக்கும்போது எது மருந்து, எது வெறும் மாத்திரைன்னு சாப்பிடுறவருக்கும் தெரியக்கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாது" என்றார். வைத்தியர் சொக்கிப்போனார். அடுத்த வாரமே இரண்டு பேட்டரிகளோடு மலையேறி வந்து, எது கரி போட்டது என்று காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். டாக்டரம்மா அவற்றை இடம் மாற்றி எண் ஒட்டி, ரகசியத்தைக் கவரில் போட்டு மேஜையில் பூட்டினார்.

டிரைவர் கை படாத ஆஸ்பத்திரிப் பின்னறையில் சோதனை தொடங்கியது. ஞாயிறுதோறும் வைத்தியர் வந்து, ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு மணி நேரம் ஒரு ஜீப்பு ஹெட்லைட்டை எரித்து, எது தளர்கிறது என்று நோட்டில் குறித்து, திரும்பச் சார்ஜ் ஏற்றுவார். ஒரு வருடம் இப்படி நடக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடினாலும் சோதனை பாழ் என்று நர்சைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார்.

பதினோரு மாதம் ஓடிவிட்டது. அடைமழை பெய்த ஒரு ஞாயிறு மதியம் என் மனைவிக்குப் பிரசவ வலி. பனிமூட்டத்தில் ஆஸ்பத்திரிப் பிரசவ அறையே இருண்டிருந்தது. போதாததற்குக் கரண்டும் போயிற்று.

"கொழந்தை கழுத்துல கொடி சுத்தியிருக்கு. எனக்கு வெளிச்சம் வேணும்!" என்று டாக்டரம்மா உள்ளேயிருந்து கத்தினார். டார்ச் விளக்கு மஞ்சளாக முனகியது. நான் பின்னறைக்கு ஓடினேன்.

"அண்ணே, அந்தப் பேட்டரி..."

வைத்தியர் என்னைப் பார்த்தார். பேட்டரிகளைப் பார்த்தார். உடனே எழுந்துவிட்டார்.

"எதுண்ணே நல்லா எரியும்?"

"அது தெரியாமத்தான தம்பி பதினோரு மாசமா ஒக்காந்திருக்கேன்! ரெண்டையும் தூக்கு!"

சோதனைக்கு எரிக்கும் ஜீப்பு ஹெட்லைட்டை நர்சிடம் உள்ளே கொடுத்துவிட்டு, அவர் வாசலில் முதுகைத் திருப்பி நின்றார். ஒயர் நழுவிவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். குழந்தை வீறிட்டு அழும்வரை விடவே இல்லை.

வெளியே வந்த டாக்டரம்மா சங்கடப்பட்டார். "இனிமே கவரைப் பிரிச்சுப் பாத்துடலாமே?"

"வேணாம் டாக்டரம்மா. மொதல்லருந்து ஆரம்பிச்சுக்கிறேன்."

மன்னிப்புக் கேட்கலாமென்று பின்னறைக்குப் போனேன். அவர் கைகழுவப் போயிருந்தார். சோதனை நோட்டு திறந்து கிடந்தது. அன்றைய தேதிக்கு நேரே எழுதியிருந்தார்: "சோதனை நின்றது. காரணம்: பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்." நலம் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன்.