சிரிப்பு மூஞ்சி வைத்துச் சொல்பவர்

கடித்துக்கொண்டே வாலாட்டும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நாயைச் சொல்லவில்லை, அது பாவம், ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் செய்யும். இங்கே பேச்சு, கைப்பேசிக் குழுக்களில் குடியிருக்கும் 'சும்மா சொன்னேன்' இனத்தைப் பற்றியது. குடும்பக் குழுவோ, கூடப் படித்தவர்கள் குழுவோ, எதில் நுழைந்தாலும் ஒருவராவது இருப்பார். ஒருத்தருடைய தொப்பையை, இன்னொருத்தருடைய வழுக்கையை, மூன்றாமவர் வேலை போய் வீட்டில் இருப்பதை நாலு பேர் முன்னால் எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றை ஒட்டிவிடுவார். கண்ணீர் உண்மையில் யாருக்கு வருகிறது என்பது அவர் கவலை இல்லை.

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க ஆசையா? கலகலப்பு மாமாவைப் பாருங்கள். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் அது. தொழில், கூரியர் அலுவலகத்தில் கிளை மேலாளர். வராத பார்சலுக்காக மேசையைத் தட்டுகிறவரிடம்கூட "உட்காருங்க சார், தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்பார். நசுங்கிய பெட்டியை முகத்துக்கு நேரே ஆட்டும் அம்மாளிடம் "உங்க கோபம் நியாயம்தாம்மா" என்பார். வீட்டில் மனைவி "ஏங்க" என்று கொஞ்சம் இழுத்தாலே துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்துவிடுவார். இப்படி நாள் முழுக்க விழுங்கிய பதில்கள் எல்லாம் எங்கேதான் போகும்? கட்டைவிரலுக்கு இறங்கிவிடும்.

அதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். லேசான கிண்டலுக்கு ஒரு மூஞ்சி. நறுக்கென்று குத்தினால் இரண்டு. ஆளைச் சாய்க்கிற மாதிரி என்றால் மூன்று. மூன்று வைத்துவிட்டால் அப்புறம் யாருக்கும் கோபப்பட உரிமையில்லை என்பது அவர் கட்சி. மீறிக் கோபப்பட்டால்? "தமாஷைத் தமாஷா எடுத்துக்கத் தெரியணும்ப்பா." அப்போதும் அடங்காவிட்டால்? "இனிமே நான் வாயே திறக்கல, ஆளை விடுங்க" என்று ஒரு கும்பிடு. உடனே நாலு பேர் ஓடிவந்து "மாமா, நீங்க இல்லேன்னா குழுவே தூங்கிடும்" என்று தாங்குவார்கள். கடைசியில் குத்துப்பட்டவர்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமாவின் தங்கை மகள், கூட்டம் இருந்தால் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காத பெண். ஆனால் கணக்கு என்றால் உயிர். ஒரு வெள்ளைப் பலகை வாங்கி மாட்டி, பின்னங்களை எப்படிக் கூட்டுவது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். தைரியத்தை எல்லாம் திரட்டிக் குடும்பக் குழுவிலும் அனுப்பி, "பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று எழுதினாள்.

மாமா பார்த்தார். பின்னத்தை அல்ல. அவள் கண் இமைத்த நொடியில் வீடியோவை நிறுத்தினார். அந்த நொடியில் நிறுத்தினால் யார் முகம்தான் அழகாக இருக்கும்? கண் பாதி மூடி, வாய் பாதி திறந்திருந்த அந்த முகத்தை வெட்டியெடுத்து, 'தூங்குமூஞ்சி டீச்சர்' என்று தலைப்புக் கொடுத்து ஸ்டிக்கராக்கி அனுப்பினார். கீழே, "கட்டிக்கப்போறவன் அலாரம் வச்சு எழுப்பணும்." மூன்று மூஞ்சி.

குழு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு சிரிப்பு மூஞ்சி அனுப்பினாள்.

"பாரு, அவளே சிரிச்சிட்டா!" என்று மாமா கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார்.

"சிரிச்சாளா, சிரிப்பு மூஞ்சியை அமுக்கினாளா?" என்றார் அத்தை.

மாமாவுக்கு வித்தியாசம் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது சும்மா இருந்தால் இன்னும் ஓட்டுவார்களே என்று அழுதுகொண்டே அமுக்கினாலும் அதே மூஞ்சிதானே வருகிறது!

ஸ்டிக்கருக்குக் கால் முளைத்தது. காலை வணக்கத்துக்கு அது, அலுவலகக் கூட்டம் என்றால் அது. பெரியப்பா மகன் தன் நண்பர்களுக்குத் தள்ளினான். அவர்கள் அவர்களுடைய நண்பர்களுக்கு. கடைசியில் அவளுடைய வீடியோவுக்குக் கீழேயே, சந்தேகம் கேட்கும் பிள்ளைகளுக்கு நடுவில், முன்பின் தெரியாதவர்கள் வந்து "தூங்குமூஞ்சி, எழுந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, வீடியோவெல்லாம் அழிச்சுட்டா. பலகையையும் கழட்டிட்டா. இனிமே பாடமே எடுக்க மாட்டாளாம்."

"அட, இதுக்குப் போயா? நான் வந்து ஒரு ஜோக் சொன்னா சரியாயிடுவா" என்று மாமா கிளம்பினார்.

அவள் சண்டை போடவில்லை. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மாதானே சொன்னீங்க மாமா?"

"சத்தியமா சும்மாதாம்மா!"

"அப்ப என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்க. எழுதினதை அப்படியே." கைப்பேசியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. "தூங்கு..." என்று ஆரம்பித்தார். வரவில்லை. ஒட்டுவதற்கு அந்த அறையில் மஞ்சள் மூஞ்சி எதுவும் இல்லை. பழகிய நாக்கு, தனக்குத் தெரிந்ததைச் சொன்னது: "உங்க கோபம் நியாயம்தாம்மா." ஆயுசில் முதல் தடவையாக அதை மனதாரச் சொன்னார். சொன்னபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினார்: "நான் செய்தது பெரிய தப்பு. பிள்ளையை அழ வைத்துவிட்டேன். அந்த ஸ்டிக்கரை எல்லோரும் அழித்துவிடுங்கள்." மூஞ்சி வைக்கவில்லை. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மகனிடமிருந்து மூன்று சிரிப்பு மூஞ்சி வந்தது. சித்தி, "மாமா இன்னிக்கு நல்ல ஃபார்ம்ல இருக்கார்" என்றார். "டேய், நிஜமாத்தான்டா சொல்றேன்" என்று மாமா அலறி எழுதியதற்கு இன்னும் பலத்த சிரிப்பு. இத்தனை வருஷம் அவர் கற்றுக்கொடுத்த பாஷை அது. குழு நன்றாகவே கற்றிருந்தது. கடைசியாக யாரோ அந்த ஸ்டிக்கரையே பதிலாக அனுப்பினார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது மாமா எழுதுவதில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். "சும்மாதானே மாமா, இதுக்கு ஏன் சீரியஸ் ஆகறீங்க?" என்கிறார்கள். விழுங்கிக்கொள்கிறார். "நீ அழிக்கிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். யாருக்கெல்லாம் அனுப்பின? நம்பர் கொடு." அந்த நம்பர்களையும் கூப்பிடுகிறார். மறுபடி பாடம் எடுப்பாயா என்று கேட்டதற்கு, "எல்லாம் போனப்புறம் பார்க்கலாம் மாமா" என்று மட்டும் அவள் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் அந்த இனமே இல்லை, தெரியும். யார் முகத்தையும் வெட்டி ஒட்டியதில்லை. வந்ததைப் பார்த்து ஒரு சிரிப்பு மூஞ்சியை அமுக்கியிருப்பீர்கள், நன்றாக இருக்கிறதே என்று நாலு பேருக்குத் தள்ளியிருப்பீர்கள். அவ்வளவுதானே? அதனால், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தயவுசெய்து துண்டித்துவிடாதீர்கள். மிக மரியாதையான குரலில் ஒருவர் கேட்பார்: "உங்க போன்ல என் தங்கச்சி பொண்ணோட படம் ஒண்ணு இருக்கும். கொஞ்சம் பார்க்கறீங்களா?"