தரையில் கிடப்பது துவைக்கப்படும்

"இன்று முதல் இந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகக் கூடாது!"

தங்கையா மேடைத் தமிழில்தான் முழங்கினார். முழங்கும்போது வாயில் பிரஷ் இருந்தது. முதுகுக்குப் பின்னால் குழாய் திறந்து கிடந்தது.

மலர்க்கொடி எட்டிக் குழாயை மூடினாள்.

"ஆரம்பிச்சாச்சுங்க," என்றாள்.

தங்கையா ஜாகா, அதாவது ராத்திரிக் காவல் வேலை பார்ப்பவர். ஒன்பது வருடம் பத்து பெரண்டாம் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலை கேட்டில். இரண்டு வருடமாகக் கிளேபாங்கைத் தாண்டிக் கடலோரத்தில், பதினான்கு பலகைக் குடில்கள் உள்ள 'எக்கோ லாட்ஜில்'. இயற்கையைக் கெடுக்காமல் தங்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துத் தங்கும் இடம். ஊர் சாப்பிட உட்காரும் நேரத்தில் இவர் சட்டையை மாட்டுவார். ஊர் சட்டையை மாட்டும் நேரத்தில் இவர் சாப்பிட உட்காருவார். பதினோரு வருடத்தில் ராத்திரிச் சோற்றை மலர்க்கொடியோடு சூடாகச் சாப்பிட்டது தீபாவளி லீவில் மட்டும். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இருந்தது இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வது வாசற்படியில், ஒருவர் உள்ளே வர, ஒருவர் பாசார் சந்தைக்குப் போக.

அப்படி இருக்கையில்தான் மேனேஜர் ஹரிதாஸ் ஒரு செய்தி சொன்னார்.

"அண்ணே, பசுமைப் பிரிவுன்னு புதுசா ஒரு போஸ்ட் வந்திருக்கு. பகல் வேலை. எட்டுலருந்து அஞ்சு. ஆனா சும்மா கார்டு அடிச்சிட்டுப் போற ஆளு வேணாம்லா. சொந்த வீட்டுலயும் தண்ணிய மிச்சம் புடிக்கிற ஆளா இருக்கணும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்."

தங்கையா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மலர்க்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பகல் வேலையா?"

"பகல் வேலை. மனுசனை ஜாகா பண்றதை விட்டு இயற்கையை ஜாகா பண்ணணும். இயற்கை எவ்வளவோ தேவலாம் மலரு. பியர் குடிச்சிட்டு வந்து ரூம் நம்பர் கேக்காது."

"எக்கோன்னா எதிரொலிதானே?"

"அது வேற எக்கோ."

"ஒண்ணுதாங்க. அங்க கேட்டதை இங்க வந்து எதிரொலிக்கிறீங்க."

தங்கையா அதைக் காதில் வாங்கவில்லை. லாட்ஜின் குளியலறைகளில் ஓர் அட்டை தொங்கும். இங்கிலீஷிலும் மலாயிலும் இருக்கும். துண்டைக் கொடியில் தொங்கவிட்டால் மறுபடி பயன்படுத்துவீர்கள் என்று பொருள், தரையில் போட்டால் நாங்கள் துவைப்போம், தண்ணீரைச் சேமிக்க உதவுங்கள் என்று. அதைத் தமிழில் எழுதித் தன் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒட்ட முடிவு செய்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் கேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அகராதியையும் இலக்கணப் புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவர். சொற்களை அடித்தார், திருத்தினார், செதுக்கினார். கடைசியில் 'துண்டு' என்ற சொல்லையும் தூக்கிவிட்டார். அது இல்லாமல் படித்தால் கல்வெட்டு மாதிரி இருந்தது.

*தொங்குவது மீண்டும் பயன்படும்.*
*தரையில் கிடப்பது துவைக்கப்படும்.*

துண்டு போனதால் தன் திட்டத்திலேயே துண்டு விழப்போவது அவருக்குத் தெரியவில்லை.

முதலில் வந்து படித்தவள் பக்கத்து வீட்டு முனியம்மா.

"ஏன் மலரு, தரையில கிடக்கிறதெல்லாம் துவைக்கலாமா?"

"அப்படித்தாங்க்கா போட்டிருக்கு."

"எங்க வீட்டுக்காரரு சம்பளத்தன்னிக்கு வந்து தரையிலதான்லா கிடக்காரு. ஒரு நாளைக்கு இந்த அட்டையக் கொஞ்சம் இரவல் குடு."

மறுநாள் காலை தங்கையா வேலை முடிந்து வந்து, வழக்கம்போல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாயங்காலம் எழுந்து பார்த்தால் சட்டை அதே ஆணியில், அதே வேர்வையோடு.

"மலரு, சட்டை துவைக்கலயா?"

"தொங்குச்சுங்க."

"சட்டைக்கா அட்டை போட்டேன்? துண்டுக்குலா போட்டேன்!"

"துண்டுன்னு எங்க இருக்கு?"

தங்கையா போய்ப் பார்த்தார். இல்லை. எழுதினவர் அவரே. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வியாழக்கிழமைக்குள் அந்தச் சட்டை ஆணி இல்லாமலேயே நிற்கும் போல ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை புத்தி வந்து, சட்டையைக் கழற்றித் தரையில் வீசினார். சாயங்காலம் எழுந்தால் சட்டை வீசின இடத்திலேயே கிடந்தது. மலர்க்கொடி அதைச் சுற்றிக் கூட்டியிருந்தாள்.

"இப்பத் தரையிலதானே கிடக்கு!"

"துவைக்கப்படும்னு போட்டிருக்கீங்க. யாரு துவைக்கிறதுன்னு போடலயே?"

இலக்கணம் தெரிந்த ஆளிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பாரா? தங்கையாவுக்குச் சட்டை மறந்துவிட்டது. உற்சாகமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அது செயப்பாட்டு வினை மலரு. 'தரையில் கிடப்பது'ங்கிறது எழுவாய். செய்றது யாருன்னு சொல்லணும்னு அவசியமில்ல. மறைஞ்சு நிக்கும்."

"ஓ. தரையில கிடக்கிறது எழுவாய்."

"அதே!"

"இருபத்தேழு வருசமா மறைஞ்சு நின்னது யாருன்னு இப்பத்தான் புரியுது," என்றாள் மலர்க்கொடி. சட்டையை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹரிதாஸின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தங்கையா அதே சட்டையில் நின்றார். ஹரிதாஸ் கை கொடுத்தார், மூக்கைச் சுருக்கினார்.

"எத்தனை நாள் சட்டைண்ணே?"

"ஆறு நாளாச்சு."

"பிரமாதம்!" என்று நோட்டில் எழுதிக்கொண்டார் ஹரிதாஸ். "தோட்டத்தைப் பார்க்கலாமா?"

தங்கையாவுக்குத் தோட்டம் இருப்பதே வெளிச்சத்தில் அப்போதுதான் தெரிந்தது. பதினோரு வருடமாகப் பகலில் அவர் பார்த்தது கண்ணிமையின் உட்பக்கத்தை மட்டும். ஜிங்குத் தகரக் கூரையின் ஓரத்தில் மூன்று நீலத் தோங்குப் பீப்பாய்கள் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. துணி அலசின தண்ணீர் ஒரு குழாய் வழியாக வாழைக்குப் போயிற்று. அரிசி களைந்த தண்ணீர் கருவேப்பிலைக்கு. காய்த்தோலும் டீத்தூளும் ஒரு குழியில் மக்கி, அதன் மேல் பூசணி ஓடியது. வாழைக் கன்று ஒவ்வொன்றும் தங்கையாவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நின்றது. பகலில் அவர் கண்ணில் வெயில் விழாமல் இருக்க எங்கே நட வேண்டும் என்று யாரோ அளந்து நட்டிருந்தார்கள்.

இடையில் ஒரு வருடம் ஊரே வறண்டபோது தண்ணீர் லாரிக்குப் பின்னால் மலர்க்கொடி வாளியோடு ஓடியதாக முனியம்மா சொல்லியிருக்கிறாள். அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஓர் இயற்கை விடுதியே நடந்திருக்கிறது. அவர் அதில் பதினோரு வருடம் ஓசியில் தங்கிய விருந்தாளி.

"இதெல்லாம் யாரோட யோசனைண்ணே?" என்றார் ஹரிதாஸ்.

பகல் வேலை போனால் போகட்டும் என்று தங்கையா வாயைத் திறந்தார். "சார், உண்மையைச் சொல்லணும்னா, இது..."

"எல்லாம் அவருதான் சார்," என்றாள் மலர்க்கொடி.

தங்கையா அவளைப் பார்த்தார். கும்பிட வேண்டும் போல இருந்தது.

"துணி துவைக்கிறதும் அவருதான் சார். ஒரு வாரத் துணிய மூணே வாளித் தண்ணியில முடிச்சிருவாரு. என்னையத் தொடவே விடமாட்டாரு."

கும்பிட எழுந்த கை பாதியில் நின்றது.

ஹரிதாஸ் நோட்டை மூடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அண்ணே, நான் தேடின ஆளே நீங்கதான்லா! பசுமைப் பிரிவுன்னா என்ன தெரியுமா? லாண்டரி! அட்டையெல்லாம் மாட்டி வச்சோம், ஒருத்தனும் தொங்கவிட மாட்டேங்கிறான். தினமும் இருபத்தெட்டுத் துண்டு தரையில. நாளைக்கு எட்டு மணிக்கு வந்திருங்க. மாசம் ஒருக்கா நான் இங்க வந்து நீங்க துவைக்கிற முறையை எழுதிக்கிறேன், மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுக்கணும்."

திங்கட்கிழமை தங்கையா இருபத்தெட்டுத் துண்டு துவைத்தார். பொழுது சாய வீட்டுக்கு வந்தார். மலர்க்கொடி இரண்டு தட்டு வைத்திருந்தாள். சோற்றில் ஆவி பறந்தது. நெத்திலிச் சம்பல், பூசணிக்காய்க் கூட்டு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அவர் போகவில்லை.

"ராத்திரிச் சோறு ஒண்டியாத் தின்னு எனக்கும் அலுத்துப்போச்சுங்க," என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி. "அதான் அப்படிச் சொன்னேன்."

"மலரு, நீ பொய் சொல்லலைன்னா..."

"அது இனிமே பொய்யா இருக்கக் கூடாதுங்க. மாசம் ஒருக்கா சார் வந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்காரு."

தங்கையாவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. வயிறு நிறைந்திருந்தது, மனசும் நிறைந்திருந்தது. குளிர்ந்த சிமெண்டுத் தரையில் கைகாலை விரித்துப் படுத்தார். உலகத்திலேயே கொடுத்து வைத்தவன் நான்தான் என்று கூரையிடம் சொன்னார்.

தலைமாட்டில் ஏதோ தொப்பென்று வைக்கப்பட்டது. ஒரு வாரத் துணி, மூன்று வாளி.

"என்னங்க, தரையில கிடக்கிறது என்னன்னு சொன்னீங்க?"

"எழுவாய்," என்றார் தங்கையா, கண்ணை மூடியபடி, ஓர் ஆசிரியரின் பெருமிதத்தோடு.

சொல்லிவிட்டு, எழுந்தார்.