கோவிந்தராசுவின் காதும் வஞ்சிரம் வறுவலும்

"என் காதுல குறைன்னு எவனாவது நிரூபிச்சுட்டா, அன்னிக்கே மெஷின மாட்டிக்கிறேன். இல்லேன்னா அந்தப் பேச்சே இந்த வூட்டுல கூடாது!"

சாரம் பகுதியில் அந்தத் தெருவே கேட்கும்படி சபதம் போட்டார் கோவிந்தராசு. அவர் ரகசியம் பேசினாலே தெருவுக்குக் கேட்கும், அது வேறு விஷயம். மில்லில் தறி ஓட்டின மனுஷன். அந்தச் சத்தத்தில் காதால் கேட்டவர் யார்? எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே அங்கே எல்லாரும் பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அந்த வித்தை இருக்க மெஷின் எதுக்கு என்பது அவர் கட்சி.

மனைவி சின்னப்பாப்பா விடுவதாக இல்லை. போன வாரம் பின்னால் வந்த பஸ் அலறியும் நடு ரோட்டிலேயே ஸ்கூட்டர் ஓட்டினார் மனுஷன். மயிரிழையில் தப்பினார். அதனால்தான், சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லார் காதையும் சோதிக்க வீடு வீடாக வந்த சுகாதார ஊழியர் கலைமகளைக் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

கலைமகள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, என்ன சாப்டீங்க?"

"இட்லி. கல்லு மாதிரி."

"தலை சுத்தல் உண்டா?"

"கண்ணாலம் ஆனதிலேர்ந்து உண்டு."

"சரி, ஹெட்போன் வச்சு ஒரு டெஸ்ட்..."

"எதுக்கும்மா? டாண் டாண்ணு பதில் சொன்னேன்ல? காது பஸ்ட் கிளாஸ்னு எழுதிக்க!" மீசையை முறுக்கினார்.

சின்னப்பாப்பா சண்டைக்கு வரவில்லை. அவர் எதிரே வந்து நின்றாள்.

"வைத்திக்குப்பத்து வஞ்சிரம் வந்திருக்கு. கொழம்பா, வறுவலா?"

"வறுவல்! மிளகு தூக்கலா!"

"பக்கத்து வூட்டு அன்பழகனையும் கூப்பிடவா?"

"அவன் எதுக்கு? எனக்கே பத்தாது!"

கலைமகள் திருதிருவென்று விழித்தாள். "ஐயா, யார்கிட்ட பேசறீங்க?"

"அவ கேட்டது உனக்கு வுழலியா? மொதல்ல உன் காத டெஸ்ட் பண்ணு!"

"அம்மா வாயத்தான் அசைச்சாங்க. சத்தமே போடலியே ஐயா!"

மீசையிலிருந்து கை இறங்கியது. அப்போதுதான் உறைத்தது. அதே மில்லில் நூல் சுற்றினவள்தானே இவள்! தறிகளின் இரைச்சலில், ஒருத்தர் காதிலும் விழாமல், 'என்னைக் கட்டிக்கிறியா' என்று அவர் உதட்டசைத்ததும் இவளிடம்தானே!

"ஹெட்போன மாட்டிவுடும்மா," என்றாள் சின்னப்பாப்பா, இந்தத் தடவை வாய்விட்டு. "மெஷின் காதுல ஏறுற வரைக்கும் ஸ்கூட்டர் சாவி என் இடுப்புலதான் இருக்கும்."

கோவிந்தராசு தலையைக் கொடுத்தார். கடைசியாக, ஈனக்குரலில் கேட்டார்: "அப்ப... வஞ்சிரம்?"

"காலையில மிஞ்சின கல்லு இட்லிதான்!"