தோளுக்குப் பின்னால் ஒரு நிபுணர்

பின்தோள் நிபுணர் என்ற இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். கவனமாகக் கேளுங்கள். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன், அங்கே எதைச் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் யார் என்று கேட்பீர்கள். பார்ஸ்டோ என்ற பாலைவன ஊரில் ஓட்டை லாரி ஒன்றை வைத்துக்கொண்டு கழிவுத்தொட்டி உறிஞ்சும் தொழிலைத் தொடங்கியவன். இன்றைக்கு அந்தப் பாலைவனத்தில் எந்த வீட்டுத் தொட்டி நிரம்பினாலும் ராய்ஸ் என்று என் பெயர் எழுதிய லாரிதான் போய் நிற்கும். வங்கி மேனேஜர் வீட்டுத் தொட்டியையும் திறந்திருக்கிறேன், பாதிரியார் வீட்டுத் தொட்டியையும் திறந்திருக்கிறேன். படித்தவர்கள் மனிதனை மேலேயிருந்து ஆராய்கிறார்கள். நான் கீழேயிருந்து ஆராய்ந்தவன். ஆகவே நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பின்தோள் நிபுணர் அதிகம் காணப்படுவது சூதாட்டக் கூடங்களில், வீடியோ போக்கர் மெஷின்களின் பக்கத்தில். அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மெஷின் திரையில் ஐந்து சீட்டு போடும். வேண்டியதை நிறுத்திக்கொண்டு கடைசிப் பட்டனை அழுத்தினால், வேண்டாததை மாற்றிக் கொடுக்கும். முடிந்தது ஆட்டம். ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் ராயல். மெஷின் தலையில் விளக்கு சுழலும், பணம் கொடுக்க ஆட்கள் வருவார்கள், பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் சுவரில் பெயரோடு மாட்டுவார்கள். அந்தச் சுவரில் நான் மூன்று முறை தொங்குகிறேன். மூன்றிலும் பல் தெரியும்.

நிபுணர் அந்தச் சுவரில் தொங்குவதில்லை. ஏனென்றால் அவர் அதிக நேரம் ஆடுவதில்லை. ஆடுவார், சாப்பிட்டு முடித்த வாய் துடைப்பதற்குள் கொண்டுவந்ததை விட்டுவிடுவார். பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டவணையை எடுத்து, எந்தச் சீட்டு வந்தால் எதை நிறுத்த வேண்டும் என்ற அந்த வேதத்தை ஒருமுறை கண்ணில் ஒற்றாத குறையாகப் பார்த்துவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எந்த மெஷின் எவ்வளவு கொடுக்கிறது என்பதை மாட்டுச்சந்தையில் பல்லைப் பார்க்கிறவர் மாதிரி குனிந்து குனிந்து படித்து, கடைசியில் உங்கள் இடது தோளுக்குப் பின்னால் வந்து நிலைகொள்வார். காபி வாசனை முதலில் வரும். புதினா மிட்டாய் வாசனை அடுத்து வரும். அதற்குப் பிறகு அறிவு வரும்.

"நான் சொல்லணும்னு சொல்லல..." இதுதான் அவருடைய தொடக்கம்.

நீங்கள் அவர் சொன்னபடி ஆடி ஜெயித்தால், "சொன்னேனா?" அவர் சொன்னபடி ஆடித் தோற்றால், "முறை சரிதான், சீட்டுதான் சரியில்ல." அவர் சொன்னதைக் கேட்காமல் ஜெயித்தால்? அது மிகவும் வருத்தமான விஷயம். தலையை ஆட்டிக்கொண்டே, "இந்தக் கெட்ட பழக்கம் உன்னை எங்கே கொண்டுபோய் விடப்போகுதோ" என்பார்.

எங்கள் கூட்டத்து நிபுணன் பெயர் ஹார்லன். கூரை வேய்கிற தொழில் பார்த்து ஓய்வுபெற்றவன். நானும் என் மனைவியும், ஹார்லனும் அவன் மனைவி நாடீனும், வெயில் கொஞ்சம் தணிந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமை காலை என் வண்டியில் நெவாடாவின் சூதாட்ட ஊரான லாஃப்லினுக்குப் புறப்படுவோம். வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, ஓட்டுவது நான். பாதையைச் சொல்வது ஹார்லன். ஊருக்குப் போக ஒரே சாலைதான் இருக்கிறது என்பது அவனுக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை.

ஒருமுறை ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து வந்த ஒரு கிழவி, வாயில் சிகரெட்டோடு, யாரோடும் பேசாமல் ஆடிக்கொண்டிருந்தாள். ஹார்லன் போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். "அந்த ராணியை விட்டிருக்கக் கூடாதும்மா" என்றான். கிழவி திரும்பவே இல்லை.

"தம்பி, நீ என் புருஷனா?"

"இல்லம்மா."

"நெனச்சேன். அவனை நானே நின்னு புதைச்சேன். குரலைக் கேட்டதும் சரியா மூடலையோன்னு சந்தேகம் வந்துருச்சு."

வேறு யாராவது என்றால் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஹார்லன் அவளுடைய அடுத்த ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

இப்போது நாடீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் கடைசி சீட்டில் இருக்கிறவன் கூட உட்கார்ந்துவிடுவான். அவளுக்கு அந்தச் சுவரில் ஓர் இடம் வேண்டும் என்று ஆசை. பணத்துக்காக அல்ல. ஓய்வூதியம் வருகிறது, மகன் நன்றாக இருக்கிறான். நாங்கள் சாப்பிடப் போகும்போதெல்லாம் அவள் அந்தச் சுவருக்கு எதிரே நின்று, தலையை வாரிக்கொள்வது மாதிரி கொஞ்சம் தாமதிப்பாள். எனக்கு மூன்று படம், என் மனைவிக்கு ஒன்று. அவளுக்கு ஒன்றும் இல்லை. அத்தனை வருடமும் ஹார்லன் காதருகே சொன்னபடி ஆடியிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போன வருடம் ஒருமுறை போனது அவளுடைய பிறந்தநாளுக்கு. வண்டி புறப்படும்போதே சொல்லிவிட்டாள்.

"ஹார்லன், எனக்கு பரிசு எதுவும் வாங்கினியா?"

"அங்க போய் வாங்கலாம்னு..."

"வேணாம். இன்னைக்கு நான் ஆடுறப்ப நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதான் பரிசு."

"ஒரு வார்த்தைகூடவா?"

"இப்ப பேசினதே ரெண்டு வார்த்தை."

"டேய், நீ மூச்சு விடலாமான்னு கேட்டுக்கோ" என்றேன் நான். ஹார்லன் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான்.

சத்தியத்தை அவன் காப்பாற்றினான். அதுதான் இந்தக் கதையின் கொடுமை. நாடீன் மெஷினில் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான், வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு நிபுணரின் வாயை மூடினால் அறிவு உள்ளேயே நின்றுவிடுமா? தொட்டியின் மூடியை இறுக்கினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள், அது என் தொழில். வேறு வழியாக வரும். முதலில் இருமலாக வந்தது. அவள் தப்பான சீட்டை நிறுத்தினால் இருமினான், சரியான சீட்டை நிறுத்தினால் மூக்கை உறிஞ்சினான். "சளி பிடிச்சிருந்தா ரூமுக்குப் போய்ப் படு" என்றாள் நாடீன். இருமல் நின்றது. பிறகு கால் ஆட ஆரம்பித்தது. பிறகு கழுத்து சிவந்தது. மத்தியானத்துக்குள் அவன் முகம், கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் வைத்த தட்டு மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

நான் பக்கத்து மெஷினில்தான் இருந்தேன். ஆகவே நடந்ததை நான் சொல்கிறபடியே நம்பலாம்.

நாடீனுக்கு ஐந்து சீட்டு விழுந்தது. ஸ்பேடில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா. ஐந்தாவது, ஹார்ட்டின் ஜாக்கி. நிலைமை புரிகிறதா? இரண்டு ஜாக்கி கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டால் போட்ட பணம் நிச்சயம் திரும்ப வரும். அதை விட்டுவிட்டு நாலு ஸ்பேடை நிறுத்தினால், ஸ்பேடு ஏஸ் ஒன்றே ஒன்று வந்தால் போதும், ராயல். பயந்தவர்கள் ஜோடியை வைத்துக்கொள்வார்கள்.

நாடீன் பயப்படவில்லை. பத்தை நிறுத்தினாள். ஜாக்கியை நிறுத்தினாள். ராணி. ராஜா. ஹார்ட்டின் ஜாக்கியைத் தொடவில்லை. யாரும் சொல்லித்தராமல், முழுக்கச் சரியாக ஆடினாள். கடைசிப் பட்டன் ஒன்றுதான் பாக்கி. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தாள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் இறைச்சித் துண்டை எடுத்துச் சாப்பிட்டால்கூட மன்னித்துவிடுவோம். ஒருவர் மெஷினில் இன்னொருவர் விரல் வைத்தால் மன்னிப்பே கிடையாது. ஹார்லனுக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவனே அவன்தான். ஆனால் அவள் செய்தது அவ்வளவு சரி. அதைச் சரி என்று சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லக் கூடாது. பாவம், அவன் என்ன செய்வான்? தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து, பாராட்டுகிற மாதிரி, பட்டனை ஒரு தட்டுத் தட்டியது.

ஸ்பேடு ஏஸ் வந்து விழுந்தது.

விளக்கு சுழன்றது. நாடீன் கண்ணைத் திறந்தாள். முதலில் ஏஸைப் பார்த்தாள். அடுத்து பட்டன்மேல் இருந்த விரலைப் பார்த்தாள். விரலைத் தொடர்ந்துபோய் ஆளைப் பார்த்தாள். நான் என் மெஷினைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

பணம் கொடுக்கிற மாரிசோல் என்ற பெண் காகிதங்களோடு சிரித்துக்கொண்டே வந்தாள். எங்களை நன்றாகத் தெரிந்தவள். "ஐயோ நாடீனம்மா! கடைசியில வந்துருச்சா! பிறந்தநாளும் அதுவுமா!" கட்டிப்பிடித்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "பட்டனை அழுத்தினது நீங்கதானே?"

அது வெறும் பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. பட்டனை அழுத்தியவர் யாரோ அவர்தான் ஜெயித்தவர். மெஷினில் இருந்த பணம் யாருடையது, சீட்டை நிறுத்தியது யார் என்பதெல்லாம் கணக்கில்லை.

நாடீன் ஹார்லனைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்று முழுவதும் பேசாதவன் பேசினான்.

"அவதான். எல்லாம் அவதான் பண்ணா. நான் சும்மா நின்னுட்டிருந்தேன்."

மாரிசோல் அவன் முகத்தைப் பார்த்தாள். சும்மா நின்றவன் முகம் மாதிரி இல்லை. கையிலிருந்த வாக்கிடாக்கியில் மேலே கேமரா அறையைக் கேட்டாள். கூரையில் கண்ணாடிக் குமிழுக்குள் கேமரா இருக்கிறது, அதற்கு இரக்கம் கிடையாது. மேலேயிருந்து வந்த குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பழுப்புத் தொப்பி போட்ட ஆளு."

அங்கே பழுப்புத் தொப்பி ஒன்றுதான் இருந்தது.

"அவளையும் சேத்துப் படம் எடுக்கக் கூடாதா?" என்று ஹார்லன் கெஞ்சினான். "பேரு ஒண்ணுதான் போட முடியும் சார்" என்றாள் மாரிசோல். பணம் ஒரே வீட்டுக்குத்தான் போகிறது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. சுவர்தான் சண்டை. அட்டைக் காசோலையைக் கொடுத்து அவனை நிற்கவைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம்கூட அதைவிடச் சந்தோஷமாக இருக்கும். நாடீன் படம் எடுக்கிறவருக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"சிரி."

மறுநாள் திரும்பினோம். நீடில்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் ஹார்லன்தான் மெல்ல ஆரம்பித்தான்.

"நாடீன், நான் சத்தியத்தை மீறல. நீயே சொல்லு. ஒரு வார்த்தை பேசினேனா?"

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசியிருக்கலாம்" என்றாள்.

என் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். அதன் பிறகு வீடு வரும்வரை, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

நாங்கள் இன்னும் போய்வருகிறோம். ஹார்லன் இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நாடீன் உத்தரவு. கேட்டுக்கொண்டே ஆடுகிறாள். ராயல் இன்னும் வரவில்லை. சாப்பிடப் போகும்போது அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை, சுற்றுவழியில் போகிறாள். ஹார்லனும் அவள் பின்னாலேயே சுற்றுவழியில் போகிறான்.

இந்த இனம் நெவாடாவில் மட்டும்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இதை நீங்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு படிக்கிறீர்களா? நீங்கள் கடைசி வரியை முடிப்பதற்குள், "படிச்சாச்சுல்ல?" என்று ஒரு கை வந்து பக்கத்தைத் திருப்பினால், அது யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

வந்த கை உங்களுடையது என்றால், மெதுவாக எடுத்துவிடுங்கள். அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.