ராணி பார்க்காத துப்பாக்கி

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் குற்றவாளி நீங்கள்தான். குழலைத் திருகிக் கழற்றுகிற ஒரு பழைய கைத்துப்பாக்கியைப் பார்த்து, வாய் கூசாமல், ஆன் என்ற இங்கிலாந்து ராணியின் பெயரால் 'குயின் ஆன் பிஸ்டல்' என்று முதன்முதலில் சொன்னீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

நான் நடராஜா. பத்து வயதில் ருவான்வெல்லை பஸ்ஸில் கடலை விற்று, அடிபட்டு மிதிபட்டு, இன்று யட்டியாந்தோட்டை பஜாரில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் என் பெயர். வாசலில் அடுக்கியிருக்கும் 'நடராஜா அச்சாறு' போத்தலிலும் என் பெயர். அச்சாறு போடுவது என் மனைவி சுதர்சினி. பெயர் போடுவது நான்.

போன மாதம் தோட்டத்துப் பங்களாச் சாமான்களோடு அந்தத் துப்பாக்கி வந்தது. சுடாதபடி அடைத்தது, கடுதாசியெல்லாம் ஒழுங்கு. சேகரிக்கிறவர்கள் இதை என்னவென்று சொல்வார்கள் என்று விசாரித்து, 'குயின் ஆன் பிஸ்டல்' என்று அட்டை எழுதிக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கேகாலையிலிருந்து ஹிஷாம் நானா வந்தார். முப்பது துப்பாக்கி சேர்த்தவர். நான் ஏற்ற, அவர் இறக்க, நாலாவது தேத்தண்ணியில் விலை படியப் போகிற நேரம். போத்தல் துடைத்துக்கொண்டிருந்த சுதர்சினி வாயைத் திறந்தாள்.

"நானா, அந்த ராணி எப்ப செத்துச்சு?"

"ஆயிரத்து எழுநூத்திப் பதினாலு, தங்கச்சி."

"துப்பாக்கி எப்ப செஞ்சது?"

செய்தவன் பெயர் குழலடியில் வெட்டியிருந்தது. அதை லென்ஸில் பார்த்த ஹிஷாம் நானா, நாற்பது வருசம் பிந்தினதுதான் என்றார். ஆனாலும் இந்த மாதிரிக்கெல்லாம் ராணி பெயர்தானாம். உலகம் முழுக்க அப்படித்தானாம்.

"செஞ்சது ஒருத்தன். பேரு, அதைத் தொட்டே பார்க்காத ஒருத்திக்கு. இந்த ஏமாத்து அட்டை நம்ம கடையிலயா தொங்குது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கடைக்குள் நின்று ஏமாத்து என்று யாரும் சொன்னதில்லை. அட்டையைக் கிழித்தேன். அந்தப் பெயர் இல்லாமல் நண்பர்களிடம் எப்படிக் காட்டுவது என்று ஹிஷாம் நானா என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் விடவில்லை.

"செஞ்சவங்க பேருதான் பேரு."

"எல்லாத்துக்குமாங்க?" என்றாள் சுதர்சினி.

"இந்தக் கடையில இருக்கிற எல்லாத்துக்கும்."

"கோவத்துல சொல்லுவீங்க. நாளைக்கு மாத்துவீங்க."

மாற்றுகிறவனா நான்? சொன்னதையே மார்க்கரால் பெரிய அட்டையில் எழுதி, கையெழுத்து வைத்து, ஹிஷாம் நானாவையும் சாட்சிக்கு வைக்கச் சொல்லி, சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

சுதர்சினி மேசைக்கு அடியிலிருந்து ஒரு பார்சலை எடுத்தாள். ஐந்நூறு ஸ்டிக்கர். 'சுதர்சினி அச்சாறு.' நடுவில் அவள் படம், சிரித்தபடி. முதல் போத்தலில் ஒட்டிவிட்டாள்.

"இது எப்ப அடிச்சது?"

"துப்பாக்கிக்கு நீங்க அட்டை கட்டின அன்னிக்கே, பிரஸ்ல நுஸ்காகிட்ட சொல்லிட்டேங்க."

ஹிஷாம் நானா துப்பாக்கியை வைத்துவிட்டு அச்சாறு இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார். ஆட்கள் வருவதே அச்சாறுக்குத்தான் என்று போன வாரம் பெயர்ப்பலகையும் மாறியது. எதிர்த்துப் பேச வாயெடுத்தால், அவள் விரல் சுவரைக் காட்டுகிறது. அங்கே என் கையெழுத்து.

ஆகவே, ராணி பெயரை வைத்த பெரியவரே, யட்டியாந்தோட்டைக்கு வாருங்கள். துப்பாக்கிக்கு நேர்மையான ஒரு பெயர் வையுங்கள். பிறகு ஏணி தருகிறேன், என் பெயரை அது இருந்த இடத்தில் நீங்களே மாட்டுங்கள். சீக்கிரம் வாருங்கள். கடையில் இப்போது என் பெயர் மிஞ்சியிருப்பது கரண்ட் பில்லில் மட்டும்தான். அதை மட்டும் மாற்ற வேண்டாமென்று சுதர்சினி சொல்லிவிட்டாள்.