செல்லு சார் சொன்ன ஒரு வார்த்தை

திண்டுக்கல் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் போலீஸுக்குப் பயப்படாதவன் இருந்தான், பேய்க்குப் பயப்படாதவன் இருந்தான், ஜப்தி செய்ய வந்தவரை நாயை விட்டு விரட்டியவன்கூட இருந்தான். செல்லு சாருடைய சைக்கிளுக்குப் பயப்படாதவன் ஒருத்தன்கூட இல்லை. இதை எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். சைக்கிள் தெருவில் திரும்பியதுமே கதவுகளைப் படபடவென்று சாத்துவார்கள்.

இத்தனைக்கும் அவர் ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைத்தவரில்லை. ஐம்பதுகளின் கடைசியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த ஆஸ்பத்திரியில் அவர் லேபில் வேலை பார்த்தார். ஆபரேஷனில் வெட்டியெடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டித் தருவது அவர் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வது, வாரம் இரண்டு நாள் மதுரையிலிருந்து வந்துபோகும் டாக்டரின் வேலை. டாக்டர் வருவதற்குள் இவரே பார்த்து, கலர் பென்சிலில் படம் போட்டு, பக்கத்தில் நோயின் பெயரையும் எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத அன்று டாக்டரை இவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே டாக்டருக்கு இவரைக் கண்டால் ஆகாது.

லேபில் ஒரு தடவை மெழுகு தீர்ந்துபோனது. எழுதிக் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். மனுஷர் நேரே எங்கள் மாதா கோயிலுக்குப் போய், எரிந்து மிஞ்சிய மெழுகுத்திரிகளையெல்லாம் துண்டில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே கோயிலில் விளக்கு, மணி பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓடிவந்தார்.

"நேர்ச்சைத் திரிய அள்ளிக்கிட்டு வந்து என்னத்தய்யா பண்ணுன?"

"உருக்கி, அதுக்குள்ள ஒருத்தரோட ஈரலை வச்சிருக்கேன். பாக்குறீங்களா?"

கோயில்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு ஓடியவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் விஷயம் கேள்விப்பட்ட பங்குச் சாமி, அடுத்த வாரத்திலிருந்து மிச்சத் திரிகளை அவரே கட்டிக் கொடுத்தனுப்பினார்.

லேசில் யாருக்கும் வராத அபூர்வமான கட்டி ஏதாவது மைக்ராஸ்கோப்பில் தட்டுப்பட்டால் செல்லு சாருக்கு அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆளைக் குணப்படுத்தி அனுப்பினாலும் விடமாட்டார். சைக்கிளில் தேடிக்கொண்டு போய், எப்படி இருக்கிறார் என்று விசாரித்து நோட்டில் எழுதுவார். எந்த டாக்டரும் செய்யாத வேலை அது. கேட்கிற விதத்தில்தான் கோளாறு. பேகம்பூரில் லுங்கிக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போய் இப்படி ஆரம்பித்தார்:

"ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சு. இன்னும் நல்லாத்தான் இருக்கீங்களா?"

"அல்லா கிருபையில நல்லா இருக்கேன் சார்."

"நெசமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யா அல்லா! நான் உசுரோட இருக்கிறதுல உங்களுக்கு ஏன் சார் இம்புட்டு வருத்தம்?"

வருத்தமே இல்லை. திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று, "பாய் பிழைச்சுக்கிட்டாரு டைப்பம்மா" என்று குதிக்காத குறையாகச் சொன்னார். என்ன செய்வது, சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் கடவுள் அவருக்கு ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டார்.

செல்லு சார் என்ற பெயருக்கு வருகிறேன். உடம்பு கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது, அவை கெட்டு, கணக்கில்லாமல் பெருகினால் புற்று என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அப்போது டாக்டர்கள் 'கெட்ட கட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கோ நாலு பேருக்கு விளக்கிச் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "உடம்பு பூரா செல்லுதான்" என்பார். எங்கள் பக்கத்தில் செல்லு என்றால் கரையான். உத்தரத்தைத் தின்னும், பெட்டியில் வைத்த புடவையைத் தின்னும், பத்திரத்தைத் தின்னும் அதே செல்லு. கேட்டவர்கள் முழங்கையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

"எல்லாரையும் இத்துப்போன உத்தரமாக்கிட்டீங்களே சார்" என்று நான் கேலி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். அந்தக் கேலியை இப்போது பண்ணமாட்டேன்.

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு நெசவாளர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். காமாட்சி என்று பெயர். ஒன்பது வயது, துருதுருவென்று இருப்பாள். முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம். ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்ததில், பிள்ளைகளுக்கு எப்போதாவது வரும் எலும்புப் புற்று என்று தெரிந்தது. உடனே மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்தால் பிழைக்க வழி உண்டு. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். தகப்பனாருக்கு விளக்கிச் சொல்லும் வேலை செல்லு சார் தலையில் விழுந்தது. நான் பக்கத்தில்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எலும்புல செல்லு கெட்டுப் பரவுது அப்பு. விட்டா உடம்பு பூராப் போயிரும்."

"செல்லாங்க சார்?"

"செல்லுதான். காலை எடுத்தாத்தான் புள்ளை பிழைக்கும். மெட்ராஸ் போங்க."

அந்த மனிதர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "செல்லுதான? அப்பச் சரி சார், நான் பாத்துக்கிறேன்" என்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எவ்வளவு தைரியமான தகப்பன் என்று நான் நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். பிள்ளையின் கால் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. தோல் வெந்து உரிந்திருந்தது. வீக்கம் தேங்காய் அளவுக்கு ஆகியிருந்தது.

"மண்ணெண்ணெயும் வேப்பெண்ணெயும் கலந்து ரெண்டு வேளையும் தேச்சோம் சார். செல்லு ஒண்ணுகூட வெளிய வரலை, எல்லாம் உள்ளயே செத்துருச்சு. வீக்கம் மட்டும் வத்த மாட்டேங்குது. செல்லுக்குப் போயி யாராச்சும் காலை வெட்டுவாங்களான்னு நெனச்சேன்."

படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு வரை பரவியிருந்தது. இனி எந்த ஆஸ்பத்திரியாலும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். தான் சொன்ன செல்லு என்ன, அவர் கேட்ட செல்லு என்ன என்பது செல்லு சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அதை அவரிடம் சொன்னார். தகப்பனார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எம்புள்ளைய நாந்தான் கெடுத்துட்டேனா சார்?"

பதிலுக்கு நிற்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து செல்லு என்ற வார்த்தையை செல்லு சார் தொடவில்லை. வேறு வார்த்தை தேடி அலைந்தார். 'அணு' என்று சொல்லிப் பார்த்தார். ஒரு கிழவி அணுகுண்டென்று நினைத்துக் கட்டிலை விட்டு இறங்கி ஓடினாள். 'சின்னச் சின்ன அறை' என்றார்; வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவர், "எவன் என்னை அறைஞ்சான்?" என்று எழுந்து நின்றார். மற்ற நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

காமாட்சியைப் பார்க்க வாரம் தவறாமல் சைக்கிளில் போனார். ஒரு நாள் அவள், "எங்காலுக்குள்ள இருக்கிறதை எனக்குக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் இருந்ததே ஒரு மைக்ராஸ்கோப். யாரையும் கேட்காமல் அதைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்து, "ஆடாமப் புடிங்க டைப்பம்மா" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"பச்சைப்புள்ளைய ஏம்மா இப்படி மூச்சுமுட்டப் போத்தி வச்சிருக்கீங்க? முகத்தைத் தொறந்து விடுங்க."

"வெளிச்சம் பட்டா ஆகாதுங்க" என்று பின் சீட்டிலிருந்து செல்லு சார் குரல் கொடுத்தார். கண்டக்டர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே போனார்.

காமாட்சி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். ஜன்னல் வெயிலுக்குக் கண்ணாடியைத் திருப்பி, அவளைத் தூக்கி உட்காரவைத்துக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் அம்மா சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேறு எது தெரியும்?

"சுங்கடிப் புள்ளி மாதிரியே இருக்கு. இந்தப் பக்கம் புள்ளி ஒழுங்கா இருக்கு சார். அந்தப் பக்கம் கண்டமேனிக்கு நெரிச்சுப் போட்டுருக்கு. யாரு முடிஞ்சது? அம்மாகிட்டக் குடுத்திருந்தா ஒழுங்கா முடிஞ்சிருக்கும்."

டாக்டர் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பிள்ளை ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. செல்லு சார் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பங்குனியில் காமாட்சி போய்விட்டாள். பிறகு, கட்டியோடு வந்தவர்களிடமெல்லாம் அவர் புள்ளி என்றுதான் சொன்னார். 'உடம்பு ஒரு சுங்கடிச் சேலை, ஒரு இடத்தில் புள்ளி தப்பிப் பரவுது, அந்த இடத்தை வெட்டியெடுத்தால்தான் மிச்சச் சேலை நிற்கும்' என்பார். ஜனங்களுக்குப் புரிந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்கள்.

அபூர்வமான புற்றுகளை ஆராய்ச்சி செய்கிற மெட்ராஸ் டாக்டர் ஒருவர், காமாட்சியின் ஸ்லைடுகளையும் முழு விவரத்தையும் கேட்டு எழுதியிருந்தார். படம் வரைந்தவர் பெயரையும் கட்டுரையில் போடுவதாகச் சொல்லியிருந்தார். ஆயுசு பூரா கலர் பென்சில் சீவிய மனுஷருக்கு அதைவிட என்ன வேண்டும்? விவரத்தை இங்கிலீஷில் நான்தான் டைப் அடித்தேன். மூன்று மாதத் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடம் வந்தது. ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டர் வழக்கமான வரியைச் சொன்னார்: பெற்றோரின் அறியாமையும் அலட்சியமும்.

"அதை அடிக்காதீங்க டைப்பம்மா" என்றார் செல்லு சார். "அந்த ஆளு அலட்சியம் பண்ணலை. செல்லுன்னு சொன்னது நான். செல்லுக்கு என்ன செய்யணுமோ அதை ரெண்டு வேளையும் தவறாம செஞ்சிருக்காரு. என்னை நம்பித்தான செஞ்சாரு?"

"இப்படி எழுதினா உம்ம பேரு கட்டுரையில வராது, லேபிலயும் இருக்காது" என்றார் பெரிய டாக்டர்.

"வேண்டாங்கய்யா" என்றார் இவர். செல்லு சார் சொன்ன வரியையே டைப் அடித்தேன். பெரிய டாக்டர் சொன்னபடியே நடந்தது. கட்டுரையில் அவர் பெயர் வரவில்லை. மறு மாதமே ஸ்டோரில் பஞ்சும் கட்டுத்துணியும் எண்ணிக் கொடுக்கும் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கார்பன் காப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, காமாட்சியின் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார். அவர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என் அறையில் நின்றபடியே செல்லு சார் அந்த வரியைத் தமிழில் படித்தார்:

"பிள்ளையின் தகப்பனார் தனக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்தார். சொல்லில்தான் பிழை. அப்படிச் சொன்னவன் நான். தகப்பனார் மேல் ஒரு குற்றமும் இல்லை."

"இது கவர்மெண்டு காயிதமா சார்?"

"மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு."

"எம்மேல குத்தமில்லைன்னா போட்டுருக்கு?"

"போட்டுருக்கு."

"இன்னொருக்கா வாசிங்க சார்."

வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். அது முடிவதற்குள் தகப்பனார் தரையில் உட்கார்ந்து, பிள்ளை செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதார். பிறகு காகிதத்தை வாங்கி, மடித்து, மடியில் முடிந்துகொண்டு, செல்லு சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போனார்.

செல்லு சார் நின்ற இடத்திலேயே நின்றார். ஆறு வருஷமாக அவரை ஓயாமல் கேலி பேசியவள் நான்; எழுந்துகொண்டேன். என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"உட்காருங்கண்ணே" என்றேன். அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.