குட்பை கற்றுத்தராத வாத்தியார்

கருவாட்டு வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு இங்கிலீஷ் வரும். ராயபுரத்துக் கருவாட்டுக் கிடங்கில் சாக்குக்கு முத்திரை குத்திய என்னையும், சாயங்காலம் அங்கே கூடும் பத்துப் பன்னிரண்டு துறைமுகக் கூலிகளையும் இங்கிலீஷ்காரர்களாக்கப் பிறந்தவர் சிட்டவுன் வாத்தியார். ஒரு மொழியை முழங்காலால் கற்பித்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

கப்பலில் துரைகளுக்கு மேசையில் சாப்பாடு பரிமாறியவர். அங்கே காதில் விழுந்ததெல்லாம் உத்தரவு. செய்தார், செய்யச்செய்யப் புரிந்தது. அதனால் எங்களுக்குப் புத்தகம் கிடையாது. எந்த வார்த்தையையும் செய்துகொண்டேதான் சொல்ல வேண்டும். நின்றபடி ‘சிட்டவுன்’ சொன்னவனின் முழங்காலுக்குப் பின்னால் பிரம்பு பேசும். ‘ரன்’ பாடத்தன்று மூலக்கொத்தளம் சுடுகாடு வரை ஓடினோம். ‘ஸ்டாப்’ மறுநாள் பாடம்.

ஒரு வார்த்தையை மட்டும் அவர் தொடவே இல்லை. குட்பை. கேட்டால், “அது போறவனுக்கு. நீ எங்க போற? குந்து” என்பார்.

ஏகாம்பரம் எங்களோடு படித்தவன். கட்டுமரத்தைப் புயலுக்குக் கொடுத்துவிட்டு மூட்டை தூக்க வந்தவன். முதுகு ஒரே வருஷத்தில் வளைந்திருந்தது. கிரேன்காரனுக்குக் கீழிருந்து கைகாட்டும் வேலை ஒன்று காலியானது. கிடைத்தால் முதுகு தப்பும். ஆனால் வெள்ளைக்கார அதிகாரிக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் உயிரைக் கொடுத்துப் படித்தான்.

துரை கேட்டது ஒரே கேள்வி. மேலிருந்து பாரம் விழுகிறது, கீழே ஆள் நிற்கிறான், என்ன சொல்வாய்? ஏகாம்பரத்துக்குப் பதில் தெரியும். செய்யாமல் சொல்லத்தான் தெரியாது. “லுக் அவுட்” என்று பாய்ந்து, துரையை நாற்காலியோடு சாய்த்து, மேசைக்கடியில் உருட்டி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். விழுந்தது மைக்கூடு மட்டும்.

கிடங்குக்கு வந்து அழாத குறையாகச் சொன்னான். வாத்தியார் நிதானமாகக் கேட்டார்: “தொரைக்குத் தலைல அடியா?”

“இல்ல நைனா.”

“அப்ப பாஸு.”

மறுவாரம் உத்தரவு வந்தது. வேலை உண்டு, அதிகாரியின் அறைக்குள் மட்டும் இனி வரக்கூடாது.

புது வேலை சாயங்கால ஷிப்ட் என்பதால் அவனுக்கு வகுப்பு இனி இல்லை. சொல்லிக்கொள்ள வந்தான். வாத்தியார் வாசல்வரை கூட்டிப்போய் முதன்முறையாக அந்தக் ‘குட்பை’ பாடத்தை நடத்தினார். ஏகாம்பரம் படியில் நின்று சொன்னான். “நின்னுகினு சொல்ற. தப்பு. வா, இன்னொரு தபா.” நடந்துகொண்டே சொன்னான், கை ஆட்டவில்லை என்று திரும்பக் கூப்பிட்டார். ஆட்டினான், சத்தம் போதாது என்றார். உப்புக் காற்றில் அவன் போவதும் வருவதுமாக இருந்தான். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நாலாவது தடவை தெருமுனையிலிருந்து கேட்டான்: “இப்போ சரியா, நைனா?”

“சரியாத்தான் கீது. அதான் பேஜாரு. போ.”